வாசலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கார் பாதி உடம்போடு நின்றது. மேல் கேரியரைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். பின்சீட்டைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டிருந்தேன். கால்மிதிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. டிக்கியில் இருந்ததை எல்லாம் தரையில் கொட்டியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு மூட்டை தோல் துண்டு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்த் திரும்பிய ஜமுக்காளம், தண்ணீர் கேன், செத்துப்போன பேட்டரி, ஜோடி இல்லாத ஒரு பெண்பிள்ளைச் செருப்பு.

மனைவி மல்லிகா விளக்குமாறோடு வந்து நின்று பார்த்தாள்.

"அடுத்து இன்னா, கதவா?"

"எடைய கொறைக்கறேன்."

"நீ எறங்கிட்டா இன்னும் கொறையும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். அவளுடைய கேலி எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

வண்டி வாங்கிய புதிதில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியது. வாங்கும்போதே அது பழைய வண்டி, சின்ன கார். போகப் போகப் பதினாறாகி, பதினாலாகி, அந்த மாதம் பன்னிரண்டுக்கு வந்து நின்றது. அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் போய்வர வேண்டும். அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு கட்டாது.

மல்லிகா ஒரு முடிவு சொல்லியிருந்தாள். மாதக் கடைசிக்குள் பதினாறு வரவேண்டும். வராவிட்டால், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் குடியாத்தம் புரோக்கரிடம் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வருகிறது. நான் அதில் போகலாம்.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

பஸ்ஸில் போக முடியாதவள்

என்னோடு வண்டியில் வருபவர்கள் இரண்டு பேர். பெட்ரோலுக்குப் பங்கு தருவார்கள். கூடக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஒருவன் தாவீது. அணைக்கட்டு பஸ் நிலையத்தில் ஏறுவான். கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசுவான். வண்டி இல்லாவிட்டால் அவனும் பஸ்ஸில் போய்விடுவான், கவலை இல்லை.

இன்னொருத்தி ஷமீம். பள்ளிகொண்டாவில் ஏறுவாள். ஆபீஸில் காஸ்டிங் செக்ஷன். ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை சதுர அடி தோல், எவ்வளவு நூல், எவ்வளவு பசை என்று கணக்குப் போடும் வேலை. அம்மா இல்லை. அப்பா ஒரு டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அன்றிலிருந்து கட்டிலும் நாற்காலியும்தான் அவருக்கு. காலையில் அவரைக் கழுவி, உடுத்தி, சாப்பிட வைத்து, நாற்காலியில் உட்கார்த்திவிட்டுத்தான் ஷமீம் கிளம்ப முடியும். மதியத்துக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி பார்த்துக்கொள்வாள்.

கம்பெனி பஸ் விடிந்ததும் போய்விடும். என் வண்டி அதற்கு ஒரு மணி நேரம் பின்னால் கிளம்பும். எங்கள் செக்ஷனும் ஆபீஸும் லேட்டாகத்தான் திறக்கும். வேறு பஸ் பிடித்து, இறங்கி, கம்பெனி வரை நடந்தால் நேரம் தாண்டிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் அவள் வேலை இருந்தது. வண்டி போனால் அவள் வேலையும் போகும். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

இதை நான் ஷமீமிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "அடுத்த மாசத்துல இருந்து நான் பஸ்ல போறேம்மா." ஒவ்வொரு நாளும் மாதனூர் தாண்டும்போது அது நாக்கு வரை வரும். ஆம்பூர் பாலம் வந்ததும் உள்ளே போய்விடும்.

உப்புத் தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தாவீது வந்தான். மெஷின் மெக்கானிக்குக்குக் கார் தெரியுமா என்று கேட்டால், "சுத்தறது எல்லாம் ஒண்ணுதாண்ணா" என்பான். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னான். வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். பின்னால் இடது பக்கம் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

"தோசக் கல்லு மாதிரி சுடுது. ஹேண்ட் பிரேக்கு புடிச்சிக்கினே இருக்குது."

கீழே படுத்துப் பார்த்தோம். பிரேக் கேபிள் துருவேறி, உறைக்குள் இறுகிப்போயிருந்தது. நான் கையால் விடுவித்தாலும் அது விடுவதில்லை. இத்தனை நாளும் ஒரு சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறோம்.

துரு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு இந்த வண்டியை விற்றவர் பேர்ணாம்பட்டுப் பக்கம் பதப்படுத்தாத பச்சைத் தோல் வாங்கி விற்கிறவர். லாரிக்குக் காணாத சின்னச் சரக்கை இந்தக் காரிலேயே போட்டுக்கொண்டு போவாராம். பச்சைத் தோலில் உப்பு தடவியிருப்பார்கள். உப்பு தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வண்டியின் அடிவயிற்றில் எங்கெல்லாம் இறங்கியதோ அங்கெல்லாம் இரும்பு பூத்துக்கிடந்தது. மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் இன்றைக்கும் அந்த வாசனை வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது வாசனையாகவே தெரிவதில்லை.

கேபிளை மாற்றினோம். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது ஒரு பிடி மண் கொட்டியது, அதையும் மாற்றினோம். டயருக்குக் காற்று சரியாக வைத்தோம். கேரியரைத் திரும்பப் போடவில்லை. கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை விடச் சொன்னான் தாவீது. நெடுஞ்சாலையில் லாரிகள் தாண்டிப் போனால் போகட்டும், அறுபதுக்கு மேல் போகாதே என்றும் சொன்னான்.

அதன்படியே ஓட்டினேன். மாதனூர் மேட்டில் ஒரு டிவிஎஸ் ஐம்பது எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டு போனது.

"பாத்தியாணா, அது நம்மள பாத்து பாவப்படுது" என்றான் தாவீது.

பன்னிரண்டு பதினாலானது. அதோடு நின்றுவிட்டது. மாதம் பாதி தாண்டியிருந்தது.

கட்டிங் மேஜையில் கற்றது

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு வேலை கட்டிங் செக்ஷனில். ஒரு தோலை மேஜையில் விரித்து, டை என்கிற இரும்பு வெட்டு அச்சுகளை அதன்மேல் வைத்து, மெஷினால் அழுத்தி ஷூவின் மேல்பாகத்துக்கான துண்டுகளை வெட்ட வேண்டும். தோல் துணி மாதிரி சதுரமாக வராது. கழுத்து, வயிறு, கால் எல்லாம் இருக்கும். முள் கீறல் இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும், சூடு போட்ட தழும்பு இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் ஓட்டையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஒரு ஓட்டை தெரிந்தால் அதைச் சுற்றிச் சுற்றி டையை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். ஓட்டையில் போவது கொஞ்சம்தான். ஒரு டைக்கும் அடுத்த டைக்கும் நடுவில் விரல் நுழைகிற மாதிரி விடுகிறார்களே, அங்கேதான் தோல் போகும். அந்த இடத்தில் குறை எதுவும் தெரியாது. நல்ல தோலாகத்தான் இருக்கும். அதனால் யாருடைய கண்ணும் அங்கே போகாது.

இதை வருஷக்கணக்காகச் செய்கிறேன். காரைப் பற்றி யோசிக்கும்போது ஒரு தடவைகூட இது ஞாபகத்துக்கு வரவில்லை.

பானெட் சூடு

சாயங்காலம் எனக்கும் தாவீதுக்கும் வேலை முடிந்துவிடும். ஷமீம் வரக் கொஞ்சம் நேரமாகும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் மத்தியானம். மெயில் வந்துகொண்டே இருக்கும். கேட்டுக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்து காத்திருப்போம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஏசியும் ஓடும். தாவீது வேர்க்கடலை சாப்பிடுவான்.

ஒரு நாள் அவள் வந்து, ஏறுவதற்கு முன் முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். பை நழுவியதால் பானெட்டில் கை ஊன்றினாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் வர்ற வரைக்கும் வண்டி ஓடிக்கினே இருந்துச்சா?"

நான் ஏசியைக் குறைத்தேன்.

"டெய்லி அப்டித்தான்" என்றான் தாவீது.

"நிக்கற வண்டிக்கு மைலேஜ் ஜீரோதாண்ணா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். காஸ்டிங்கில் இருக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். மைலேஜில் தன் வேலையே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த தாவீது என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

வழியெல்லாம் எனக்கு அந்த டை இடைவெளிதான் கண்ணில் நின்றது. காலையில் தாவீதுக்காக நிற்கிறேன். ஷமீம் வீட்டு வாசலில் நிற்கிறேன். சாயங்காலம் கேட்டில் நிற்கிறேன். எல்லாம் சேர்த்தால் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டி எங்கேயும் போகாமல் ஓடியிருக்கிறது. நிற்கிற நேரம் குறை இல்லாத நேரமாகத் தெரிந்ததால் என் கண் அங்கே போகவே இல்லை.

அவளை இறக்கிவிட்ட பிறகு தாவீது கேட்டான். "ஏண்ணா, ஆஃப் பண்ணாதான் இன்னா?"

"திரும்ப ஸ்டார்ட் ஆவலன்னா?"

அவனுக்கு அந்தக் கதை தெரியும். ஒரு தடவை ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் வண்டி கிளம்பவில்லை. தையல் செக்ஷன் பெண்கள் ஒரு கும்பலாக வந்து தள்ளினார்கள். "மாமா, கியரு போடு மாமா" என்று ஒருத்தி கத்த, ரோடே சிரித்தது. அதற்குப் பிறகு ஆட்கள் இருக்கும் இடத்தில் நான் எஞ்சினை நிறுத்தியதில்லை.

"அதான் பேட்டரி மாத்தியாச்சே. காலையில ஷமீம் வீட்டாண்ட ஏன் ஆஃப் பண்ண மாட்ற?"

"ஆஃப் பண்ணா வந்தது எப்டி தெரியும்?"

"கூப்டு."

தெருவில் நின்றுகொண்டு, அடுத்தவர் வீட்டுப் பெண்ணை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? ஹாரனும் அடிக்க முடியாது, உள்ளே உடம்பு முடியாத அப்பா. போன் பண்ணலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு தடவை பண்ணினேன். அவள் போனை எடுக்க உள்ளே ஓட, நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்தவர் சரிந்துவிட்டார். அன்றிலிருந்து எஞ்சின் சத்தம்தான் எங்களுக்குள் செய்தி. வண்டி உறுமினால் அவள் வருவாள். வரும்வரை உறுமிக்கொண்டிருக்கும்.

தாவீது கொஞ்ச நேரம் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தான்.

"வெக்கப்படறது நீ. உனக்காக பெட்ரோலு பேசுது" என்றான்.

பாய்

மறுநாள் காலை பள்ளிகொண்டாவில் அவள் தெருவுக்குள் நுழைந்தேன். தெரு பாலாற்றுப் பக்கமாக இறங்கும். ஒருவேளை கிளம்பாவிட்டால் உருட்டிக் கிளப்பலாம் என்று வண்டியை இறக்கத்தில் நிறுத்தி, சாவியைத் திருகினேன்.

அந்தத் தெரு இவ்வளவு அமைதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ குழாயடியில் குடம் வைத்தார்கள். ஒரு வீட்டில் பால் பொங்கும் வாசனை வந்தது.

இறங்கினேன். கார் கதவைச் சாத்தினேன். யாரும் வரவில்லை. திரும்பத் திறந்து கொஞ்சம் பலமாகச் சாத்தினேன். உள்ளே தாவீது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். இருமினேன். சாவிக்கொத்தைக் கீழே போட்டு எடுத்தேன்.

"ணா, வீட்டாண்ட போய் நில்லுணா. திருடன் மாதிரி இருக்குது" என்றான் தாவீது, கண்ணாடியை இறக்கி.

வாசற்படி வரை போனேன். கதவுத் திரை காற்றில் ஆடியது. ஷமீம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வெளியே வரவில்லை. வந்தது வேறு.

"பாய்" என்றேன்.

உள்ளே ஏதோ அசைந்தது.

"கோன்?" யார் என்று உருதுவில் கேட்டது ஒரு கரகரப்பான ஆண் குரல்.

"நான்தான் பாய். வண்டிக்காரன்."

"எந்த வண்டி?"

"டெய்லி வர்ற வண்டி பாய்."

நாற்காலி கிறீச்சிட்டது.

"அது நீயா? வண்டி மட்டுந்தான் வருதுன்னு நெனச்சேன். உள்ள வாப்பா."

திரையை விலக்கிப் போனேன். முன்னறையிலேயே நாற்காலியில் இருந்தார். மெலிந்த மனிதர், கைகள் மட்டும் பெரியவை. டிரம்மில் வேலை செய்தவர்களின் விரல் நகத்தில் இருக்கும் நீலம் இன்னும் போகவில்லை. ஷமீம் உள்ளேயிருந்து டிபன் டப்பாவோடு எட்டிப் பார்த்து, என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்த செக்ஷன்?" என்றார்.

"கட்டிங் பாய்."

"கட்டிங்கா. தோல்ல எது கெட்டாலும் டேனரிக்காரன் மேலதான சொல்லுவீங்க?"

"நான் சொன்னதில்ல பாய்."

"நீ எதுவுமே சொன்னதில்லன்னு என் பொண்ணு சொல்லுது."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

கிளம்பும்போது, திரைக்கு வெளியே வந்துவிட்ட பிறகு, அவர் சொன்னது காதில் விழுந்தது. மகளிடம்தான் சொன்னார். இடுப்பு உடைந்ததிலிருந்து இந்த வீட்டு வாசலில் நின்று தன்னைக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை என்றார். வருகிறவர்கள் எல்லாரும் ஷமீம் இருக்கிறாளா என்றுதான் கேட்பார்களாம்.

வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது.

காத்திருப்பு குறைந்தது

மறுநாள் நான் "பாய்" என்றதும் "வா வா" என்று குரல் வந்தது. சட்டை போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தார். வண்டியில் ஏறியதும் ஷமீம் அலுத்துக்கொண்டாள்.

"ஆள் வர்ற நேரத்துல லுங்கியோட இருப்பாங்களான்னு ஒரே சண்டண்ணா. சீக்கிரம் குளிக்க வை, சீக்கிரம் நாஷ்டா குடுன்னு உசுர எடுக்கறாரு."

"இப்பதான் எங்க அண்ணனுக்கு மருவாத கெடைக்குது" என்றான் தாவீது.

அந்த வாரத்துக்குள் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அவள் பையோடு வாசலில் நிற்பாள். பாய்தான் விடமாட்டார். வண்டிதான் சும்மா நிற்கிறதே, உனக்கு என்ன போகிறது என்பார். உண்மைதான், அப்போது எனக்கு எதுவும் போகவில்லை.

சாயங்காலம் கேட்டிலும் எஞ்சினை நிறுத்தினேன். ஏசி இல்லாமல் வண்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். இறங்கி எதிரே சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்துகொள்வோம். "மைலேஜ் ஜாஸ்தியாவுதோ இல்லியோ, நான் கம்மியாயிடுவேன். பேஜார்ணா" என்று தாவீது சட்டையை விசிறிக்கொள்வான். தையல் செக்ஷன் பெண்கள் தாண்டிப் போகும்போது, "மாமா, தள்ளணுமா?" என்று கேட்பார்கள். இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் நாள், "வேணாம்மா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

குடியாத்தத்துக்குப் போன்

மாதக் கடைசி ஞாயிறு. பள்ளிகொண்டா பங்கில் டேங்கை வழிய நிரப்பினேன். போன தடவை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தையும் இப்போது பிடித்த லிட்டரையும் வைத்து அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். வகுத்தல் எனக்கு மெதுவாகத்தான் வரும். தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவையும் போட்டேன். பதினைந்தரை.

வீட்டுக்கு வந்தபோது மல்லிகா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ?"

பதினாறு என்று சொல்லியிருக்கலாம். அவள் பங்குக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை.

"பதினஞ்சர."

"அர கொறையுது."

"ஆமா."

கஞ்சி வடிந்து முடிகிறவரை பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னல்லாம் வேலைக்கு போய்ட்டு வந்தா, சோறு போடுன்னு மட்டுந்தான் சொல்லுவ. இப்ப பாய் இத சொன்னாரு, பாய் அத கேட்டாருன்னு சாப்புடற வரைக்கும் பேசற."

நான் அப்படிப் பேசியது எனக்குத் தெரியாது.

"புரோக்கரு சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்கான். வராதன்னு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று போனை நீட்டினாள்.

வாங்கினேன். அந்தப் பக்கம் புரோக்கர் எடுத்த எடுப்பில் பேச ஆரம்பித்தார். பார்ட்டி ரெடி, பேப்பர் ரெடி, இந்தப் பழைய வண்டிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது, நாலு மணிக்கு வந்துவிடுகிறேன். மூச்சு விடாமல் பேசினார். அவர் மூச்சு விடுகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். அவர் விடவில்லை. நடுவிலேயே பேச வேண்டியிருந்தது.

"வண்டி குடுக்கல."

"இன்னாது?"

"குடுக்கல."

"அடுத்த மாசம் பாத்துக்கலாமா அப்ப?"

"அடுத்த மாசமும் ஓடும். ஆள் ஏறுது" என்றேன்.

வைத்துவிட்டேன். மல்லிகா சோறு போட்டாள்.

திங்கட்கிழமை மாதனூர் தாண்டும்போது ஷமீம் பின்சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் டிபன் பை. அப்பா விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டாராம். மனதுக்குள் தயாராக வைத்திருந்த அந்த வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவள் எழுந்துவிடாமல், அறுபதுக்கும் கீழேயே ஓட்டிக்கொண்டு போனேன்.